பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமா? டைப்பிங் கடை வைத்திருக்கும் வாசகிக்குப் பதில்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 52. என் கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கியது. ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 என்று மகன் எழுதிக் கொடுத்தான். காலையில் ஆன் செய்துவிட்டு வாசல் பெருக்கிக் கோலம் போட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இனி அப்டேட் கிடையாது என்றும் செய்தி வருகிறது. சர்வீஸ் கடையில் கேட்டால், 'இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள், 35 ஆயிரம் ஆகும்' என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகனோ, 'லினக்ஸ் இலவசம், நானே போட்டுத் தருகிறேன்' என்கிறான். தமிழை 'வானவில்' என்ற மென்பொருளில் அடிக்கிறேன். பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020. இத்தனை வருட மனுக்கள், ஒப்பந்த மாதிரிகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. அவை போய்விடுமா? இலவசமாகத் தருவதை நம்பிக் கடை நடத்தலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. தாராளமாகப் போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு சிஸ்டம். உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தோதானதுதான். கடை வேலையில் பெரும்பகுதி தடையில்லாமல் நடக்கும். நடக்காத சிறு பகுதி எது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று. பழைய ஹார்டு டிஸ்க்கை யாரும் தொடாதபடி இந்த வேலையைச் செய்ய ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் சொல்லப் போகிறேன். உங்கள் மகன், அதாவது தம்பி, ஆர்வத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து 'எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுறேன்' என்றால், கொஞ்சம் நிறுத்தச் சொல்லி இதை அவரிடம் கொடுங்கள்.

சர்வீஸ் கடையில் சொன்னது உண்மைதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது. அவை 2017-இல் வரத் தொடங்கியவை. உங்களுடையது 2011-இல் வந்த தலைமுறை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், அதுவும் இதில் இருக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது முன்வரலாம். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் தர வேண்டிய பொறுப்பு தனக்கில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே கடைக்கு அது வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு நீட்டிப்பு கொடுத்தார்கள். அது மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் மட்டும்தான்.

அப்டேட் வராவிட்டால் என்ன, டைப் அடிக்க முடிகிறதே என்று தோன்றலாம். வீட்டில் கிடக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் நானும் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்களுடையது அப்படியல்ல. ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகல், பான் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் உங்கள் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டருக்கு வந்து போகின்றன. உங்களை நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் அடைக்கப்படாத ஒரு சிஸ்டத்தில் அவற்றை வைத்திருப்பது சரியில்லை. லினக்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும், தினமும் கடை சாத்தும்போது அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் போங்கள். இதை இன்றைக்கே தொடங்கலாம்.

அடுத்து, கோலம் போட்டு வரும்வரை சுற்றுகிறதே, அதைப் பார்ப்போம். அதற்கு முக்கால்வாசிக் காரணம் விண்டோஸ்கூட இல்லை, ஹார்டு டிஸ்க்தான். அதற்குள் தட்டு சுழல்கிறது, ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து தேடுகிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே அதிகம். எஸ்எஸ்டி என்ற வகையில் சுழலும் பாகமே இல்லை. அதே வேலையில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் படிக்கும். எந்த சிஸ்டம் போட்டாலும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே போட்டால் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். அதனால் என் முதல் யோசனை, 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். கூடவே அதை இணைக்க ஒரு சாட்டா கேபிள். ராம் இன்னொரு 4 ஜிபி சேர்த்து 8 ஆக்கிவிடுங்கள். உங்கள் மதர்போர்டுக்கு டிடிஆர்3 ராம் வேண்டும், அது பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். இரண்டையும் சேர்த்தாலும் அந்த 35 ஆயிரத்தில் சிறு பங்குதான் ஆகும்.

கேபினெட்டைத் திறக்கும்போதே தூசியை ஊதிவிட்டு, போர்டில் ஒற்றை ரூபாய் அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் அரசு இணையதளங்கள், வங்கித் தளங்கள் எதுவும் திறக்காது, 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று மிரட்டும். நெட் போய்விட்டது என்று நினைத்து அலைவீர்கள். காரணம் அந்தச் சின்ன பேட்டரியாக இருக்கும்.

சரி, எந்த லினக்ஸ்? நிறைய வகை உண்டு, தம்பி ஏதாவது ஒன்றின் பெயரை ஆவலாகச் சொல்வார். உங்கள் கடைக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் வசதி, உங்களிடம் 8 இருக்கப்போகிறது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பழைய விண்டோஸ் 7 சாயலில்தான் இருக்கும். உங்கள் கை தேட வேண்டியதில்லை. பார்க்க இன்னும் பளபளப்பாக இருப்பவை உண்டு. கடைக்கு வேண்டியது நாளைக்கும் இதே மாதிரி இருக்கும் ஒன்று.

இதைப் போடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதுதான் லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்12 விசையை விட்டுவிட்டுத் தட்டினால் எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். சில போர்டுகளில் அது எஃப்8, எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப் ஆக இருக்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே ஓடும். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் இருக்கும், அதை மட்டும் இப்போது தொடாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை வைத்து இப்போதே முடிவுக்கு வரவேண்டாம். ஷட்டவுன் செய்தால் நீங்கள் மாற்றிய அமைப்புகள் எல்லாம் போய்விடும், அதுவும் இயல்புதான்.

இந்த நிலையில் உங்கள் கடையின் ஒரு நாள் வேலையை அப்படியே செய்து பாருங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்து ஒரு பிடிஎஃப் இறக்கி அச்சடியுங்கள். வழக்கமாக விண்ணப்பம் போடும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே இருக்கும், உலாவியில் நடக்கும் வேலையெல்லாம் இங்கேயும் அப்படியே நடக்கும். பழைய மனு ஒன்றைத் திறங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் ஒன்றைச் செருகுங்கள். அதே சாக்கில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து பழைய ஹார்டு டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மோசம் என்று காட்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அன்றைக்கே உங்கள் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

பிரிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெச்பி 1020-க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அந்த பிரிண்டருக்குள் அதன் சொந்த நிரல் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை பிரிண்டருக்குள் அனுப்ப வேண்டும். விண்டோஸில் டிரைவரே சத்தமில்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தது. மின்ட்டில் பிரிண்டரைச் செருகியதும் பெயர் வந்துவிடும், அச்சுக்குக் கொடுத்தால் வரிசையில் நிற்கும், தாள் மட்டும் வராது. பலர் இந்த இடத்தில்தான் 'லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஹெச்பிலிப்' என்பதன் டூல்பாக்ஸை நிறுவித் திறந்தால், இந்த பிரிண்டருக்கு ஒரு பிளகின் வேண்டும் என்று கேட்கும். நெட் இணைப்பில் வைத்துச் சம்மதம் கொடுத்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். அதன்பின் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும். பின்னாளில் மின்ட்டைப் பெரிய புதிய பதிப்புக்கு மாற்றும்போது இந்த பிளகினை மறுபடி இறக்க வேண்டியிருக்கும், தம்பி இதைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

இதே பதிலைப் படிக்கும் மற்ற கடைக்காரர்களில் பலர் கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பீர்கள். அது கேப்ட் என்ற தனி முறையில் ஓடுவது. லினக்ஸில் ஓட்ட முடியும், ஆனால் மெனக்கெட வேண்டும். கூடமாட உதவ விவரம் தெரிந்த ஆள் இல்லையென்றால், அந்த பிரிண்டரை நம்பி ஓடும் கடையில் விண்டோஸை முழுதாகக் கைவிடாதீர்கள்.

இப்போது தமிழ். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வானவில்லில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் மனு ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து தெரியும். பயப்படாதீர்கள், ஃபைல் கெடவில்லை. விண்டோஸில் இருக்கும் வானவில் ஃபாண்ட் ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து, மின்ட்டில் ஒவ்வொன்றையும் இருமுறை தட்டி நிறுவினால் பழைய ஃபைல்கள் தமிழாகத் தெரியும், அச்சும் வரும். ஆனால் வானவில்லின் டைப் அடிக்கும் மென்பொருள் விண்டோஸுக்கானது. மின்ட்டில் புதிதாக அடிக்க, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்து முறைக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

மாறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை அங்கீகரித்து ஆணை போட்டுவிட்டது. விண்ணப்பத் தளங்களில் தமிழில் நிரப்பும்போது நீங்கள் இப்போதும் யூனிகோடில்தான் அடிக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் தமிழும் அதுவே, அதை அப்படியே எடுத்து மனுவில் ஒட்டலாம், திரும்ப அடிக்க வேண்டாம். உங்கள் பயம் கை பழக்கம் போய்விடுமே என்பதாக இருந்தால், அது தேவையில்லை. மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியும், அதற்கான எம்17என் தொகுப்பும் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே இருக்கின்றன. அதில் பழைய தட்டச்சு மெஷின் முறை உண்டு, 1999-இல் சென்னை மாநாட்டில் வகுத்த தமிழ்99 உண்டு, ஆங்கில ஒலிப்பு முறையும் உண்டு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை என்றால் தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுங்கள். க, த, ப எல்லாம் உங்கள் விரல் போகும் இடத்திலேயே இருக்கும். ஒன்றிரண்டு குறிகளும் கிரந்த எழுத்துகளும் இடம் மாறியிருக்கலாம், அவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தால் சில நாளில் பழகிவிடும்.

பழைய மாதிரிகளை மாற்றுவதற்குக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் ஓடுவது, வானவில்லை யூனிகோடாக மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள், அது முடியாத வேலை. வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை மனு, பெயர்த் திருத்தம் என்று நீங்கள் வாரம் தவறாமல் திறக்கும் மாதிரிகள் சுமார் இருபது முப்பது இருக்கும். அவற்றை மட்டும் விண்டோஸ் இருக்கும்போதே மாற்றி, ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். கொம்பும் காலும் இடம் மாறுவது, 'ஸ்ரீ' போன்றவை கலைவது இதெல்லாம் நடக்கும். பத்திர வாசகத்தில் ஓர் எண்ணோ பெயரோ மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேர்டுக்குப் பதில் லிப்ரேஆபிஸ் இருக்கும். டாக், டாக்ஸ் ஃபைல்களைத் திறக்கும், அந்த வடிவிலேயே சேமிக்கும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இவற்றுக்கு அதே அகலத்தில் அமைந்த மாற்று ஃபாண்ட்கள் உண்டு, அதனால் ஆங்கில ஃபைல்கள் பெரும்பாலும் வரி பிசகாது. தமிழில் அப்படிச் சொல்ல முடியாது. வானவில்லில் ஒரு பக்கத்தில் அடங்கிய வாசகம் யூனிகோட் ஃபாண்டில் ஒன்றே கால் பக்கம் போகலாம். வெள்ளைத் தாளில் என்றால் பரவாயில்லை. முத்திரைத்தாளில் மேலே பாதிப் பக்கம் விட்டு நீங்கள் அளந்து வைத்திருக்கும் கணக்கு தப்பினால் தாளின் விலை வீண். அதனால் ஒவ்வொரு ஒப்பந்த மாதிரியையும் புதிய ஃபாண்டில் ஒருமுறை வெள்ளைத் தாளில் அச்சடித்து, முத்திரைத்தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாள் அளவு லீகலா ஏ4-ஆ என்பதை லிப்ரேஆபிஸிலும் பிரிண்டர் அமைப்பிலும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் கீழ் வரிகள் வெட்டுப்படும்.

லினக்ஸுக்கு மாறினால் உங்களுக்கு உடனே ஒரு நிம்மதி கிடைக்கும். வாடிக்கையாளர் பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, உண்மையான ஃபைலைக் காணோம் என்று நிற்பார்களே, அந்த வைரஸ் விண்டோஸை நம்பிப் பிழைப்பது. அது உண்மையான ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டைக் காட்டும். மின்ட்டில் அந்த ஷார்ட்கட் ஓடாது. மறைத்து வைத்த ஃபோல்டரும் பெரும்பாலும் பக்கத்திலேயே சாதாரணமாகத் தெரியும். பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் பதறி வரும் பிள்ளைக்கு அதிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிடலாம். அதற்காக லினக்ஸில் எதுவும் வராது என்று எண்ணி யார் எதை அனுப்பினாலும் திறக்காதீர்கள். போலி வங்கித் தளத்தில் பாஸ்வேர்டு கொடுத்தால் எந்த சிஸ்டமும் காப்பாற்றாது. அப்டேட் மேனேஜரின் கேடய ஐகான் கூப்பிட்டால் கேட்டு நடந்தால் போதும்.

விண்ணப்பத்துக்குப் போட்டோவை 50 கேபிக்குள் சுருக்குவது உங்கள் அன்றாட வேலை. ஜிம்ப் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் முன்னோட்டத்தை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைல் எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும். சேமித்துச் சேமித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நடக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடைக் கணக்கு டேலியில் என்றால் அது விண்டோஸில்தான். பாஸ்போர்ட் போட்டோ ஷீட்டுக்கு ஃபோட்டோஷாப்பை நம்பியிருந்தால் ஜிம்ப்பைப் புதிதாகக் கற்க வேண்டும். பணம் எடுப்பது, பயோமெட்ரிக் போன்றவற்றுக்குக் கைரேகைக் கருவி வைத்திருந்தால், அதன் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே வரும், கொடுத்த நிறுவனத்தைக் கேட்காமல் மாற்றாதீர்கள். இந்த மூன்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை என்பதால்தான் நான் இவ்வளவு துணிந்து போடச் சொல்கிறேன்.

இனி நிறுவும் முறை. தம்பி கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. முதலில் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற அமைப்பை நிறுத்திவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். அதை விட்டுவைத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், அப்புறம் மின்ட்டிலிருந்து அந்த டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத விடாது. முக்கியமான ஃபோல்டர்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறந்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி வையுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் மாட்டுங்கள். இப்போது பென்டிரைவிலிருந்து தொடங்கி இன்ஸ்டாலை ஓட்டினால், 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற வாசகம் வரும்போது கை நடுங்க வேண்டியதில்லை. அழிக்க அங்கே புது எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கிறது. ஒரே டிஸ்க்கைப் பிரித்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடும் வசதியும் உண்டு, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இத்தனை வருட வேலை இருக்கும் டிஸ்க்கில், ஒரே ஒரு தவறான கிளிக்குக்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுவும்போது மொழியைத் தமிழாகவே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏதாவது சிக்கல் என்றால் தேடிப்பார்க்க எளிது. நேர மண்டலம் கொல்கத்தா. பாஸ்வேர்டு ஒன்று கேட்கும், கடை நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள், மறந்தால் மீட்பது பெரும்பாடு. முடிந்ததும் மறுபடி மின்சாரத்தைத் துண்டித்து, பழைய ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பயாஸில் (ஆன் செய்தவுடன் போர்டு காட்டும் அமைப்புத் திரை) எஸ்எஸ்டியை முதலிடத்தில் வையுங்கள். ஆன் செய்தால் மின்ட் வரும். உங்கள் பழைய ஃபைல்கள் அனைத்தும் ஃபைல் மேனேஜரில் இன்னொரு டிஸ்க்காக இடப்பக்கம் தெரியும். யாராவது 'வானவில் ஃபைலாகவே வேண்டும்' என்று கேட்டால், ஆன் செய்யும்போது அதே எஃப்12 மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். அதில் நெட்டை மட்டும் இணைக்காதீர்கள். இரண்டுக்கும் மாறி மாறிப் போகும்போது விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். மின்ட் போர்டின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. பழுது எதுவும் இல்லை. இது எதையும் பள்ளிச் சேர்க்கை நேரத்திலும் டிஎன்பிஎஸ்சி கடைசித் தேதி நெருக்கத்திலும் செய்யாதீர்கள்.

இலவசமாகத் தருவதை நம்பலாமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உட்கருவே லினக்ஸ்தான். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய உட்கருவும் சேர்ந்து வளர்ந்தது இது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்டெல், கூகுள், ரெட்ஹேட் போன்ற நிறுவனங்கள் தங்கள் தேவைக்காகவே சம்பளம் கொடுத்து ஆட்களை இதில் வேலை செய்ய வைக்கின்றன. மின்ட் 2006-இல் தொடங்கியது, நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும் ஓடுகிறது. நம் ஊருக்கும் இது புதிதல்ல. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டும் திருட்டு விண்டோஸைவிட, உரிமத்தோடு கையில் இருக்கும் இதை நம்பிக் கடை நடத்துவது எவ்வளவோ மேல்.

உங்களைவிடப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 32 பிட் மட்டுமே ஓடும் சில்லு என்றால் மின்ட்டின் இப்போதைய பதிப்பு ஏறாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையும் 2025 ஆகஸ்ட்டில் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் நிறுவலை நிறுத்திவிட்டது. 64 பிட் சில்லும் 2 ஜிபி ராமும் இருந்தால் லுபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பாருங்கள். சிஸ்டம் அதில் அடங்கிவிடும், ஆனால் உலாவியில் நாலு டேப் திறந்ததும் திணறும். ராமைத் தின்பது இப்போதெல்லாம் உலாவிதான். 1 ஜிபி ராம் கம்ப்யூட்டரை வைத்துக் கடை நடத்த நினைக்காதீர்கள்.

தம்பிக்கு நடுவில் தடங்கல் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம், பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கணியம் தளத்தில் தமிழ்க் கட்டுரைகள் 2012 முதல் சேர்ந்துகொண்டே வருகின்றன. பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தபின் பிரிண்டரோ தமிழ்த் தட்டச்சோ முரண்டு பிடித்தால் எனக்கும் எழுதுங்கள். திரையில் வரும் செய்தியை ஒரு வார்த்தை விடாமல் போட்டோ எடுத்து, போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணோடு அனுப்பினால், என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.